குழல் சொன்னவனுக்கு ஈரல்

கஸ்பருக்குத் தன் சகலன்மீது பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பயனில்லை. தோர்ண்டன் ஹீத்தில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். பங்குச் சாமியாருக்கு மட்டும்தான் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் கஸ்பர் கோபத்தைச் சொல்வார், சோம்பலைச் சொல்வார், இதை மட்டும் சொல்லமாட்டார். அது பாவம் என்றே அவர் நினைக்கவில்லை. கண் இருக்கிறவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும் என்பது அவருடைய கட்சி.

சகலன் என்றால், மனைவி டொலறஸின் தங்கை இம்மாகுலேற்றைக் கட்டியவன். பெயர் கிறிஸ்துராஜா. எழுபத்தொன்பதில் லண்டனுக்குப் படிக்க வந்தவன். படித்து முடித்துக் கவுன்சிலில் சர்வேயர் ஆனான். ஹரோவில் வீடு வாங்கினான், வீட்டுக்குப் பின்னால் ஓர் அப்பிள் மரமும் இருந்தது. கஸ்பரோ எண்பத்தைந்தில் மன்னாரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். கோழி பொரிக்கும் கடைக்கு மேலே ஒரு பிளாட். ஆசுபத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் லோண்டரியில் வேலை. யாரோ படுத்தெழும்பிய கட்டில் விரிப்புகளை நாள் முழுக்க நீராவி உருளைக்குள் தள்ளிக்கொண்டு நிற்பார்.

சகலனிடம் இருந்த எதுவும் கஸ்பரின் கண்ணுக்குத் தப்பியதில்லை. காரைக் கண்டார், எரிந்தார். மகளின் வயலினைக் கேட்டார், எரிந்தார். வருடா வருடம் கிறிஸ்துராஜா பை நிறைய அப்பிள் கொண்டுவந்து வைப்பான். கஸ்பர் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். எல்லாம் சுருங்கிப் போனபிறகு, "பாத்தீரோ, சத்தில்லாத பழம்" என்று டொலறஸிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போடுவார். அதில் அவருக்கு ஒரு வார நிம்மதி.

ஆனால் கஸ்பரிடம் ஒரு பன்றி இருந்தது.

பிறந்தநாள், ஞானஸ்நானம், முதல் நன்மை என்று ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தப் பன்றியும் வரும். முருங்கன் பக்கத்தில் அவர்களுக்கு வயல் இருந்தது. கதிர் முற்றுகிற காலத்தில் காட்டுப்பன்றி இறங்கி வயலை உழுதுவிட்டுப் போகும். அதனால் தகப்பனாரிடம் லைசன்ஸோடு ஒரு இரட்டைக் குழல் துவக்கு இருந்தது. வேட்டைக்குக் கிளம்பும்போது சிறு சிறு சன்னம் போட்ட தோட்டா எந்தக் குழலில், ஒற்றைக் குண்டுத் தோட்டா எந்தக் குழலில் என்று ஒருவர் சொல்லவேண்டும். அதற்குக் குழல் சொல்வது என்று பெயர். பன்றி விழுந்தால் தலையும் தொடையும் சுட்டவனுக்கு. ஈரல் மட்டும் குழல் சொன்னவனுக்கு. பன்றி தப்பினால் குழல் சொன்னவன்தான் ஏச்சு வாங்கவேண்டும். ஒரு விடியற்காலையில் தகப்பனார், "இண்டைக்கு நீ சொல்லு" என்று கஸ்பரிடம் விட்டார். கஸ்பரே குழல் சொல்லி, கஸ்பரே சுட்டு, வரப்பில் பன்றியை விழுத்தினார். ஈரலும் அவருக்கு, தலையும் அவருக்கு.

"வலது குழலிலை குண்டைப் போட்டன்," என்று கதையில் அந்த இடம் வந்ததும் கஸ்பர் ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்துவார். "ஏன் வலது?" என்று யாராவது கேட்டே தீரவேண்டும்.

"அது தொழில் ரகசியம்," என்று கண்ணை மூடிக்கொள்வார். சபை சிரிக்கும். மூலையில் கிறிஸ்துராஜா கையில் கண்ணாடிக் குவளையோடு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே கஸ்பர் கதையை இழுத்து இழுத்துச் சொன்னார். கார் உன்னிடம் இருக்கட்டும், அப்பிள் மரம் உன்னிடம் இருக்கட்டும், பன்றி என்னிடம்.

அந்தத் துவக்கு பிறகு போய்விட்டது. எண்பத்துநாலில் இயக்கத்துப் பொடியள் வந்து, தேவைப்படுகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அதைக் கஸ்பர் சபையில் சொல்வதில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் இம்மாகுலேற் தொலைபேசியில் தமக்கையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். டொலறஸ் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "இஞ்சேருங்கோ, கிறிஸ்துராஜா துவக்கு வாங்கியிருக்கிறாராம்."

கஸ்பர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். வேலைத்தலத்துச் சிநேகிதர் ஒருவர் கூட்டிக்கொண்டு போக, கிறிஸ்துராஜா கென்ற் பக்கம் ஒரு கிளப்பில் சேர்ந்து களிமண் தட்டு சுடுகிறானாம். ஆகாயத்தில் தட்டை வீசுவார்களாம், இவன் சுட்டு உடைப்பானாம். பொலிஸ்காரர் ஹரோ வீட்டுக்கே வந்து, துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்த்துச் சரி என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாராம். மன்னாரில் துவக்கை இயக்கத்துக்குக் கொடுத்த குற்றத்துக்காகக் கஸ்பர் குடும்பம் பொலிஸுக்குப் பயந்து ஒளிந்து திரிந்தது. இங்கே அதே துவக்குக்குப் பொலிஸ் வந்து தேத்தண்ணி குடிக்கிறது.

"களிமண் தட்டுக்கு இரத்தமோ இருக்கு?" என்றார் டொலறஸிடம். "தட்டு ஓடிவந்து இடிக்குமோ? அதெல்லாம் விளையாட்டு."

இரண்டு வருடம் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். தொண்ணூற்றிநாலு ஐப்பசியில் அந்தத் தேறுதலும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு கிறிஸ்துராஜா குடும்பத்தோடு வந்தான். சாப்பிட்டபின் மேசையைத் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கஸ்பருக்கு முன்னால் திறந்து வைத்தான். உள்ளே விரல் நீளத்தில் ஐந்து உருக்குக் குழாய்கள். இப்போதைய துவக்குகளில் குழல்வாயை இறுக்கமாக்கவும் அகலமாக்கவும் இவற்றைத்தான் திருகிப் பூட்டுகிறார்களாம். சோக் என்று பெயர். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னச் சின்ன வெட்டுகள். ஒன்றில் ஒரு வெட்டு, இன்னொன்றில் இரண்டு, இப்படி ஐந்து வரைக்கும்.

"என்னண்டா அண்ணை," என்றான் கிறிஸ்துராஜா, "பிரான்ஸிலை இருக்கிற என்ர மச்சான் எட்வேட்டைத் தெரியுமெல்லே? அவன்ர மாமனார் பிரெஞ்சுக்காரன், அந்தக் கிராமத்து வேட்டைச் சங்கத்துக்குத் தலைவர். வாற சனிக்கிழமை பண்டி வேட்டைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். இஞ்ச எங்கட லைசன்ஸுக்கு ஒற்றைக் குண்டு தரமாட்டாங்கள். அங்க குடுப்பாங்கள். கடதாசி அலுவல் எல்லாம் முடிஞ்சுது. துவக்கு மட்டும் நான் கொண்டு போறன்."

பண்டி வேட்டை. அவருடைய பன்றி.

"நான் குழல் சொல்லுவிக்க வந்தனான்," என்று கிறிஸ்துராஜா பெட்டியை இன்னும் கிட்டத் தள்ளினான். "குண்டுக்கு எந்தச் சோக் போடுறது? துவக்குக் கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். ஆனா குழல் சொல்லுறதெண்டா அது நீங்கள்தானே."

கஸ்பர் ஒரு வெட்டு உள்ள குழாயை எடுத்து வாய்ப்பக்கம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் இறுகியது. ஐந்து வெட்டு உள்ளதை எடுத்தார், அதில் விரல் தாராளமாகச் சுழன்றது. அவருக்கு விளங்கிவிட்டது. வெட்டுக் குறையக் குறைய இறுக்கம். தகப்பனாரின் துவக்கிலும் இதே கணக்குத்தான்: இடது குழலின் வாய் இறுக்கம், வலது குழலின் வாய் அகலம். சன்னம் நூறாகப் பிரிந்து பறக்கிற சாமான், சிதறாமல் தூரம் போக அதை நெருக்கி அனுப்பவேண்டும். குண்டுக்கு அது கூடாது. "தனியாப் போறவனை என்னத்துக்கு நெருக்கிறாய்? வழியை விடு" என்பார் தகப்பனார். கஸ்பர் இத்தனை வருடம் சபையில் பொத்தி வைத்திருந்த தொழில் ரகசியம் இவ்வளவுதான்.

"நான் யோசிச்சுப் பாத்தன் அண்ணை," என்று கிறிஸ்துராஜா தொடர்ந்தான். "ஒரேயொரு குண்டு. வாய் இறுக்கமா இருந்தாத்தானே பிசகாமல் நேரா போகும்? அப்ப இந்த ஒற்றை வெட்டுத்தான். சரியோ?"

பக்கத்துக் கதிரையில் அவன் கழற்றி வைத்த புதுக் கமரா கிடந்தது. கஸ்பரின் கண் அதில் போய் நின்றது. இவன் போவான். பன்றி விழும். அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பான், படம் எடுப்பான், பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹரோ வீட்டு ஹோலில் மாட்டுவான். கஸ்பரின் பன்றிக்குப் படம் இல்லை. வாய்தான் இருந்தது. ஒரு படத்துக்கு முன்னால் வெறும் வாய் எத்தனை நாளைக்கு நிற்கும்?

"ஓம்," என்றார் கஸ்பர்.

"ஒரு குழலுக்கு ஒற்றை வெட்டு, மற்றதுக்கு ரெண்டு வெட்டு. ரெண்டு குழலுக்கும் இறுக்கம்தான்?"

"ஓம் தம்பி. அதைத்தான் போடும்."

கிறிஸ்துராஜா பெட்டியை மூடிச் சந்தோஷமாகப் பையில் வைத்தான். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழையாக வேண்டும் என்பார்கள். கஸ்பருக்கு அன்று மூக்குப் போனதுகூடத் தெரியவில்லை. கொலை செய்கிற எண்ணம் அவருக்கு இல்லை. குறி தவறட்டும், பன்றி பிரெஞ்சுக் காட்டுக்குள் ஓடட்டும், சகலன் வெறும் கையோடு வரட்டும், அவ்வளவுதான். அந்த வாரம் லோண்டரியில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் உருளைக்குள் ஒரு விரிப்பு முடிச்சோடு போய்விட்டது. முடிச்சு வாயில் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்த துணியெல்லாம் பொம்மி வீங்கியது. உருளை முனகியது. சுப்பவைசர் ஓடிவந்து மெஷினை நிறுத்தினான். கஸ்பர் அந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குச் சவிரிமுத்துவின் ஞாபகம் வந்தது.

சவிரிமுத்து முருங்கனில் பக்கத்து வயல்காரர். வீட்டில் ஈயத்தை உருக்கி வார்த்த குண்டை அவசரத்தில் இறுக்கமான குழலில் போட்டுச் சுட்டவர். குழல்வாய் பிளந்து, இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அதைக் கஸ்பர் தன் கண்ணால் கண்டவர். கடையில் விற்கிற குண்டு அப்படி இருக்காது, மெல்லிய ஈயம், வரிவரியாக வெட்டியிருப்பார்கள், பிதுங்கிக்கொண்டு போய்விடும் என்று தனக்குத்தானே சொன்னார். போகாவிட்டால்? சீட்டி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் ஹரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். இம்மாகுலேற்தான் கதைத்தாள்.

"அவர் விடியக் காலமையே வெளிக்கிட்டிட்டார் அத்தான். போற வரைக்கும் உங்கட கதைதான். பிள்ளையளுக்கும் பண்டிக் கதை சொல்லிப்போட்டுத்தான் போனவர். எட்வேட் வீட்டு நம்பர் தரட்டோ?"

நம்பரை வாங்கியிருக்கலாம். ஒரு வசனம் போதும்: தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன், அகலமானதைப் போடும். ஆனால் பிழையாகச் சொன்னேன் என்றால் கஸ்பருக்குக் குழல் தெரியாது என்று ஆகிவிடும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன் என்றால் கஸ்பர் மனிதனே இல்லை என்று ஆகிவிடும். இரண்டும் வாயில் வரவில்லை.

"வேண்டாம் பிள்ளை. சும்மாதான் எடுத்தனான்," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்கத் தொலைபேசி அடிக்கும் போதெல்லாம் டொலறஸை எடுக்கவிட்டு, கதவருகே நின்று கேட்டார். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். கஸ்பர் எழும்பவில்லை. டொலறஸ் குனிந்து, "ஏன், சுகமில்லையோ?" என்றாள். "காலமை தேத்தண்ணி குடிச்சிட்டன், நன்மை எடுக்கக்கூடாது," என்றார். கோயிலுக்குள்ளேயே இன்னொரு பொய்.

அன்று பின்னேரம் கீழே கார் வந்து நின்றது. கஸ்பர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். கிறிஸ்துராஜா இம்மாகுலேற்றோடும் பிள்ளைகளோடும் இறங்கினான். கஸ்பர் அவன் கைகளைத்தான் பார்த்தார். விரலெல்லாம் இருந்தது. "மடு மாதாவே, உமக்கு ஒரு மெழுகுதிரி," என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மெய்யாகவே கண் கலங்கியது. பிறகு கிறிஸ்துராஜா டிக்கியைத் திறந்து ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கினான். கஸ்பரின் கண்ணீர் நின்ற இடத்தில் நின்றது. இவனுக்குப் பன்றி விழுந்துவிட்டது!

விழுந்துதான் இருந்தது. இறைச்சியைச் சங்கத்தார் பங்கு வைத்ததில் தனக்கு ஒரு தொடை கிடைத்தது, அதை எட்வேட் வீட்டில் கொடுத்துவிட்டேன் என்றான் கிறிஸ்துராஜா. ஐஸ் பெட்டிக்குள் பிளாஸ்ரிக் பையில் சுற்றி இருந்தது ஈரல்.

"குழல் சொன்னவனுக்கு ஈரல்," என்று அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். "அந்தப் பிரெஞ்சுக் கிழவனுக்கு இதை விளங்கப்படுத்த எட்வேட் பட்ட பாடு! ஈரலை ஏன் கேக்கிறாய், நாய்க்கோ எண்டு கேட்டவர். இல்லை, இங்கிலாந்திலை என்ர அண்ணை இருக்கிறார், குழல் சொன்னது அவர் எண்டு சொன்னன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். டொலறஸ் பெருமையில் பூரித்து, ஈரலை வாங்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். மிளகு இடிக்கும் சத்தம் கேட்டது. கஸ்பர் குழம்பிப்போய் நின்றார். இறுக்கமான குழலில் குண்டு நேரே போயிற்றா? இவனுக்கு எதைத் தொட்டாலும் பொன்னாகும் ராசியா? பாவத்தையும் தான் சுமந்து, பன்றியும் அவனுக்கு விழுந்ததா? பொறாமை பழைய வேகத்தில் எரியத் தொடங்கியது.

கஸ்பர் வெளிப் படிக்கட்டில் சிகரெட் பிடிக்கப் போனார். கிறிஸ்துராஜா பின்னால் வந்து கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, உள்ளை ஆக்களுக்கு முன்னாலை சொல்லேல்லை. அந்தச் சோக் சரி வரேல்லை. வேட்டைக்கு முதல், புது ஆக்கள் எல்லாரையும் ஒரு கடதாசிப் பண்டிக்குச் சுடச் சொன்னவங்கள். என்ர குண்டு பண்டி ஒட்டின மட்டையிலையும் படேல்லை. கிழவன் வந்து குழல்வாயைப் பாத்திட்டுத் தலையிலை கையை வைச்சார். அவரே ரெண்டையும் கழட்டிப்போட்டு அகலமானதுகளைப் பூட்டி விட்டவர். பிறகுதான் பட்டது."

கஸ்பர் சிகரெட் சாம்பலைத் தட்டினார்.

கிறிஸ்துராஜா அவர் தோளில் கை வைத்தான். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கன காலம்தானே. மறந்திருக்கும். இல்லாட்டி..." என்று தயங்கினான். "இல்லாட்டி, அந்த நாளையிலை உங்கட அப்பாதான் சுட்டிருப்பார், நீங்கள் பக்கத்திலை நிண்டிருப்பீங்கள். அதிலை என்ன இருக்கு? கதை நல்ல கதைதானே. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவன் முகத்தில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது. அப்பிள் பையை மேசையில் வைக்கும்போது இருக்கிற அதே முகம்.

கஸ்பருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. ஏச்சு என்றால் தாங்கியிருப்பார். அடி என்றாலும் தாங்கியிருப்பார். பன்றி உன்னுடையது இல்லை என்று, அதையும் மன்னித்து, தோளைத் தட்டுகிறான்! தவளை தன் வாயால் கெடும்.

"எனக்குக் குழல் தெரியாதோ?" என்று கத்தினார். "ஒற்றை வெட்டு இறுக்கம், அஞ்சு வெட்டு அகலம்! குண்டுக்கு அகலம்தான் போடவேணும்! சுண்டுவிரலை விட்ட உடனையே எனக்குத் தெரியும்! தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டனான்!"

கதவு மெல்லிய கதவு. உள்ளே மிளகு இடிக்கும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. கஸ்பருக்குத் தன் குரல்தான் படிக்கட்டில் திரும்பிக் கேட்டது.

கிறிஸ்துராஜா கையைத் தோளிலிருந்து எடுத்தான். "துவக்கு வெடிச்சிருந்தா அண்ணை?"

"அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை எடுத்தனான்."

"இம்மாகுலேற் சொன்னவ. சும்மாதான் எடுத்ததெண்டு சொன்னீங்களாம்."

"ஓம்."

"ஏன் அண்ணை?"

கஸ்பர் எரிந்து முடிந்த சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். "உம்மட்டை எல்லாம் இருக்கு," என்றார். "என்னட்டை இருந்தது அது ஒண்டுதான்."

கீழே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. கிறிஸ்துராஜா திரும்பினான். "அப்ப அந்தப் பண்டி உண்மைதான்? நீங்கள்தான் சுட்டது?"

"நான்தான். வலது குழல்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். போதும் என்றானே ஒழிய, கஸ்பருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

மேசையில் ஈரல் வந்தது. டொலறஸ் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் சாப்பாட்டுக் கோப்பை வைத்த விதத்திலேயே தெரிந்தது. எப்போதும் முதலில் கஸ்பருக்கு வைக்கிறவள், அவரைத் தாண்டிப் போய்க் கிறிஸ்துராஜாவுக்கு முன்னால் தட்டை வைத்தாள்.

"குழல் சொன்னவனுக்குத்தானே ஈரல்?" என்றாள் புருஷனின் முகத்தைப் பாராமல். "குழல் சொன்னது பிரெஞ்சுக்காரன். அவர் இஞ்ச இல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி."

கிறிஸ்துராஜா ஒரு துண்டை எடுத்துக் கஸ்பரின் கோப்பையில் வைத்தான். ஒரே ஒரு துண்டு. "அண்ணை, பிள்ளையளுக்குப் பண்டிக் கதையைச் சொல்லுங்கோ."

கஸ்பர் தொண்டையைச் செருமினார். முருங்கன் வந்தது, வயல் வந்தது, தகப்பனார் வந்தார். வலது குழல் என்கிற இடத்துக்கு வரும்போது சபை வழக்கம்போல் காத்திருந்தது. டொலறஸும் காத்திருந்தாள். அதற்குமேல் அவருக்கு ஒரு சொல் வரவில்லை.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது கிறிஸ்துராஜா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தான். நெற்கதிர் அசைகிற சத்தத்தை உதட்டால் செய்து காட்டினான். பன்றி மூச்சு விடுவதை மூக்கால் செய்தான். கஸ்பர் ஒருநாளும் சொல்லாத பனியையும், வரப்பில் கால் வழுக்கியதையும் சேர்த்தான். ஏன் வலது குழல் என்று ஒரு பிள்ளை கேட்க, மறைக்காமல் விளக்கினான். தனியாகப் போகிறவனுக்கு வழியை விடவேண்டும் என்பதை அவன் எங்கிருந்து கண்டுபிடித்தானோ, அதையும் சொன்னான். பன்றி விழுந்தபோது கடைசிப் பிள்ளை கூச்சல் போட்டது. இம்மாகுலேற்றும் டொலறஸும்கூடச் சிரித்தார்கள்.

கஸ்பர் தன் ஒற்றைத் துண்டு ஈரலை மென்றுகொண்டு, தன் பன்றி விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈரல் நன்றாகத்தான் வெந்திருந்தது. இவன் என்னைவிட நல்லாச் சொல்லுறான் என்று நினைத்தார். வயிறு எரிந்தது.